மனச்சோர்வும் மரப்பெஞ்சும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (விலங்கியல்)

உடலுக்கு நோய் வந்தால் நாம் ஊரறியச் சொல்கிறோம். காய்ச்சல் என்றால் கஞ்சி வருகிறது. கால் முறிந்தால் கட்டுப் போடுமிடத்தை நான்கு பேர் சொல்கிறார்கள். மனத்துக்கு நோய் வந்தால் மட்டும் கதவைச் சாத்திக் கொள்கிறோம். "என்னமோ மாதிரி இருக்கான்" என்பதற்குமேல் அதற்கு நம் வீடுகளில் பெயர்கூட இல்லை. பெயரில்லாத நோய்க்கு மருந்து தேடுவது எப்படி?

மருத்துவர்கள் மிகக் குறைவாக உள்ள ஒரு நாட்டில், ஏழை மக்கள் தங்களுக்குள் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு மனச்சோர்வையும் மனப்பதற்றத்தையும் எதிர்கொண்ட முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அந்த நாடு ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்பகுதியில் உள்ள ஜிம்பாப்வே. அங்கு மருந்தாகப் பயன்பட்டது ஒரு மரப்பெஞ்சு. அதில் அமர்ந்து மருத்துவம் பார்த்தவர்கள் பாட்டிமார்கள்.

நோயும் அதன் அளவும்

முதலில் நோயைத் தெரிந்துகொள்வோம். துன்பம் வேறு, மனச்சோர்வு நோய் வேறு. தேர்வில் தோற்றவன் இரண்டு நாள் சாப்பிடாமல் இருப்பது துன்பம். ஆனால் இரண்டு வாரங்களுக்கு மேலாக, நாளின் பெரும்பகுதி மனம் கனத்திருந்தால், முன்பு பிடித்தவை எவையும் பிடிக்காமல் போனால், அத்துடன் தூக்கமும் பசியும் கெட்டு, உடல் அசந்து, "நான் எதற்கும் உதவாதவன்" என்ற எண்ணம் வேரூன்றினால், அது நோய். மனப்பதற்றம் என்பது இதன் உடன்பிறப்பு. வராத ஆபத்தை வந்ததாகவே எண்ணி உடல் ஆயத்தமாகிவிடுகிறது. நெஞ்சு படபடக்கிறது, கை வியர்க்கிறது, வயிறு கலங்குகிறது. புலியைக் கண்ட மானுக்கு இது உயிர் காக்கும் ஏற்பாடு. புலி இல்லாத இடத்தில் நாள் முழுதும் அது நீடித்தால் உடலும் மனமும் தேய்ந்து போகின்றன. பலருக்கு இவ்விரண்டும் சேர்ந்தே வருகின்றன.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2019ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 30 கோடிப் பேருக்கு மனப்பதற்ற நோய்களும், 28 கோடிப் பேருக்கு மனச்சோர்வும் இருந்தன. நம் நாட்டில் பெங்களூரு தேசிய மனநல நிறுவனம் 2015–16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, இருபது பேரில் ஒருவர் வாழ்நாளில் மனச்சோர்வுக்கு ஆளாகிறார் என்று கூறியது. மனநோய்களின் வகைக்கேற்ப, நோயுற்றோரில் 70 முதல் 92 விழுக்காட்டினர் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை என்றும் அது கண்டது. நோய் இருக்கிறது, மருத்துவம் இருக்கிறது, இரண்டும் சந்திப்பதில்லை. இந்த இடைவெளியை நிரப்புவது யார் என்பதே நம் முன் உள்ள கேள்வி.

பேருந்துக் கட்டணமும் ஓர் உயிரும்

ஜிம்பாப்வே 1980இல் விடுதலை பெற்ற நாடு. அதன் தலைநகர் ஹராரே. 2005ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு நகர்ப்புறக் குடிசைகளையும் சிறுகடைகளையும் பெருமளவில் இடித்துத் தள்ளியது. சுமார் 7 இலட்சம் பேர் வீட்டையோ தொழிலையோ இரண்டையுமோ இழந்தார்கள் என்று ஐக்கிய நாடுகள் அவை மதிப்பிட்டது. அதற்கு முன்பே எச்.ஐ.வி. நோய் வீட்டுக்கு வீடு சாவைக் கொண்டுவந்திருந்தது. வறுமை, சாவு, வீடிழப்பு ஆகிய மூன்றும் ஒரே மக்கள்மேல் விழுந்தன. ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் அந்த நாட்டில் அப்போது இருந்த மனநல மருத்துவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தாம்.

அவர்களில் ஒருவர் டாக்டர் டிக்சன் சிபாண்டா. அவரிடம் சிகிச்சை பெற்றுவந்த ஓர் இளம்பெண் வெகு தொலைவிலுள்ள ஊரைச் சேர்ந்தவள். அவள் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். செய்தி கேட்ட மருத்துவர், "ஏன் அவளை மருத்துவமனைக்கு அழைத்து வரவில்லை?" என்று கேட்டபோது, பேருந்துக் கட்டணம் 15 டாலர் தங்களிடம் இல்லை என்று தாயார் சொன்னாராம். இதை அந்த மருத்துவரே பொதுமேடைகளில் கூறியிருக்கிறார். நோயாளிகள் மருத்துவமனைக்கு வரட்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை, மருத்துவம்தான் மக்கள் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும் என்பது அப்போது அவருக்கு விளங்கியது.

விளங்கினால் மட்டும் போதுமா? பணம் இல்லை, ஆள் இல்லை, இடமும் இல்லை. ஹராரேயின் எம்பாரே என்ற நெருக்கடியான பகுதியிலிருந்த சுகாதார நிலையத்தில் செவிலியர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. மனநலத்துக்கென ஓர் அறை ஒதுக்கவும் வழியில்லை. கிடைத்தவர்கள் பதினான்கு பாட்டிமார்கள் மட்டுமே. நகரச் சுகாதாரத் துறையின் அடிமட்ட ஊழியர்களாக வீடு வீடாகச் சென்று காசநோய்க்கும் எச்.ஐ.வி.க்கும் ஆலோசனை சொல்லி வந்தவர்கள் அவர்கள். பெரிய படிப்பு இல்லாதவர்கள். ஆனால் அந்தத் தெருக்களில் எந்த வீட்டில் யார் இறந்தார், எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அறை இல்லாததால் சுகாதார நிலையத்துக்கு வெளியே, மரநிழலில் ஒரு பெஞ்சு போடப்பட்டது. இது நடந்தது 2006இல்.

பெயர் செய்த வேலை

தொடக்கத்தில் அதற்கு 'மனநலப் பெஞ்சு' என்று பெயர் வைத்தார்கள். ஒருவரும் வந்து உட்காரவில்லை. உட்கார்ந்தால் பைத்தியம் என்று ஊர் சொல்லுமே! பாட்டிமார்கள்தாம் பெயரை மாற்றச் சொன்னார்கள். அவர்களுடைய ஷோனா மொழியில் 'சிகாரோ செகுபானாமசானோ' என்று வைத்தார்கள். ஒருவருக்கொருவர் யோசனை சொல்லிக்கொள்ளும் இருக்கை என்பது அதன் பொருள். உலகம் அதை 'நட்புப் பெஞ்சு' என்று அழைக்கிறது.

நோயின் பெயரும் அவ்வாறே ஆயிற்று. மனச்சோர்வு என்ற மருத்துவச் சொல்லைப் பாட்டிமார்கள் பயன்படுத்தவில்லை. ஷோனா மக்களிடம் 'குஃபுங்கிசிசா' என்று ஒரு சொல் முன்பிருந்தே வழங்கி வந்தது. அளவுக்கு மீறி யோசித்தல் என்று அதற்குப் பொருள். நம் ஊரிலும் "யோசிச்சு யோசிச்சே இப்படி ஆயிட்டா" என்று சொல்வதில்லையா? கிட்டத்தட்ட அதேதான். மக்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் சொல்லால் கேட்டால் மக்கள் பதில் சொல்கிறார்கள். இது மொழி பற்றிய சிறு செய்தி போலத் தோன்றலாம். ஆனால் தாய்மொழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்து, கல்லூரியில் வேறு மொழியில் திகைத்து நிற்கும் நமக்கு இதன் அருமை நன்கு விளங்கும்.

பெஞ்சில் நடப்பது என்ன?

சும்மா உட்கார்ந்து ஆறுதல் சொல்வதன்று அது. அதற்கு ஒழுங்கான ஒரு முறை உண்டு. பாட்டிமார்களுக்கு அதில் பயிற்சி தரப்பட்டது. அவர்கள் வேலையை மேற்பார்வையிடத் தேர்ந்தவர்களும் இருந்தார்கள்.

முதலில் பதினான்கு வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று மட்டும் பதில். சென்ற ஒரு வாரத்தில் பலவற்றையும் ஆழ்ந்து யோசித்துக்கொண்டே இருந்தீர்களா, தூக்கம் வராமல் இருந்ததா, வயிறு வலித்ததா, அழுகை வந்ததா, உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றியதா என்பன போன்றவை. ஒன்பது அல்லது அதற்கு மேற்பட்ட வினாக்களுக்கு ஆம் என்றால் உதவி தேவை என்று கொள்கிறார்கள். பிறகு சந்திப்புகள். ஒருவருக்கு ஆறு சந்திப்பு வரை. இவற்றில் மூன்று படிகள் உள்ளன.

முதற்படி, 'குவுரா ஃபுங்வா'. மனத்தைத் திறத்தல் என்று பொருள். வந்தவர் பேசுகிறார், பாட்டி கேட்கிறார். தம் சிக்கல்களையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லச் செய்து, அவற்றுள் ஒன்றை மட்டும் அவரையே தேர்ந்தெடுக்கச் செய்கிறார். இரண்டாம் படி, 'குசிமுட்சிரா'. தூக்கி நிறுத்துதல். தேர்ந்தெடுத்த ஒரே சிக்கலுக்கு, அடுத்த சந்திப்புக்குள் செய்யக்கூடிய ஒரு சிறு வேலையை இருவரும் சேர்ந்து முடிவு செய்கிறார்கள். மூன்றாம் படி, 'குசிம்பிசா'. வலுவூட்டல். செய்ததைக் கேட்டறிந்து பாராட்டுகிறார். தவறிப்போயிருந்தால் வேறு வழி தேடுகிறார்கள். அடுத்த சிக்கலுக்குப் போகிறார்கள்.

நமக்குத் தெரிந்த வாழ்க்கையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாகக் கொள்வோம். ஒரு மாணவனுக்கு மூன்று அரியர். அப்பாவுக்குக் கடன். விடுதியில் தூக்கமில்லை. அக்கா திருமணம் தள்ளிப்போகிறது. நான்கும் ஒன்றாகப் பின்னிக்கொண்டு ஒரே கறுப்புக் கட்டியாய் நெஞ்சில் கிடக்கிறது. "எல்லாம் சரியாயிடும்" என்று நாம் சொன்னால் அந்தக் கட்டி கரைவதில்லை. பாட்டியின் முறையில் நான்கையும் தனித்தனியே எடுத்து வைக்க வேண்டும். கடனும் திருமணமும் இன்று அவன் கையில் இல்லை. அரியரில் ஒரு தாள் அவன் கையில் இருக்கிறது. அந்த ஒரு தாளில், முதல் அலகை இவ்வாரத்துக்குள் இன்னாருடன் சேர்ந்து படிப்பது என்று முடிவாகிறது. அடுத்த வாரம் அதை முடித்துவிட்டு வருகிறான். மற்ற மூன்றும் அப்படியே இருக்கின்றன. ஆனால் தன்னால் ஒன்றைச் செய்ய முடிந்தது என்பதை அவன் தானே கண்டுவிட்டான். மனச்சோர்வு முதலில் பறிப்பது இந்த நம்பிக்கையைத்தான். இதைத் திருப்பிக் கொடுத்தால் பிற தாமே வரத் தொடங்கும் என்பது இம்முறையின் அடிப்படை.

வட்டமாக அமர்தல்

பெஞ்சில் அமர்ந்து எழுந்தவர்கள் அத்துடன் வீட்டுக்குப் போய்விடுவதில்லை. விரும்பியவர்கள் ஒரு குழுவில் சேர்கிறார்கள். அதற்குப் பெயர் 'குபதானா தோசே'. எல்லோரும் சேர்ந்து கைகோத்தல் என்பது பொருள். அதில் எல்லோருமே ஒரு காலத்தில் அளவுக்கு மீறி யோசித்தவர்கள். வட்டமாக அமர்ந்து, பழைய பிளாஸ்டிக் பொருள்களைக் கொண்டு பைகள் பின்னுகிறார்கள். பின்னிக்கொண்டே பேசுகிறார்கள். பையை விற்றால் வீட்டுக்குச் சிறு வருமானமும் ஆயிற்று.

இப்பகுதியைப் படித்தபோது என் அம்மாவின் நினைவு வந்தது. அம்மா பீடி சுற்றுகிறார். பிற்பகலில் எங்கள் தெருவில் ஏழெட்டுப் பெண்கள் ஒரே திண்ணையில் மடியில் தட்டை வைத்துக்கொண்டு அமர்வார்கள். கை இலையை வெட்டித் தூளை வைத்துச் சுற்றிக்கொண்டிருக்கும். வாய் வீட்டுக்கதை பேசிக்கொண்டிருக்கும். முகத்துக்கு முகம் பார்த்துச் சொல்ல முடியாத செய்திகளைக் குனிந்து இலையைப் பார்த்துக்கொண்டே அவர்கள் சொல்வதைச் சிறுவயதிலிருந்து கேட்டிருக்கிறேன். கைக்கு வேலை இருந்தால் நாவுக்குத் துணிவு வருகிறது. ஹராரேயில் பை பின்னும் பெண்களுக்கும் இது தெரிந்திருக்கிறது.

அப்படியானால் நமக்குத் திண்ணை போதாதா, பெஞ்சு எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. திண்ணைக்கும் பெஞ்சுக்கும் மூன்று வேறுபாடுகள் உள்ளன. ஒன்று, திண்ணையில் சொன்னது மாலைக்குள் தெருக்கோடிக்குப் போய்விடும். பெஞ்சில் சொன்னது பெஞ்சோடு நிற்கும். இரண்டு, திண்ணையில் பேச்சு புலம்பலாகத் தொடங்கிப் புலம்பலாகவே முடியலாம். பெஞ்சில் ஒரு சிறு செயலில் முடிகிறது. மூன்று, திண்ணையில் ஒருத்தி உயிரை விடுவதாகச் சொன்னால் மற்றவர்கள் அழுவார்கள். பெஞ்சில் இருப்பவருக்கோ அடுத்து யாரிடம், எப்படிக் கொண்டு போக வேண்டும் என்பது தெரியும். ஆகவே இருப்பதைத் தள்ளிவிட வேண்டியதில்லை. அதற்கு ஓர் ஒழுங்கைச் சேர்த்தால் போதும்.

நோயுற்று மீண்டவர்களே நோயுற்றவர்களுக்குத் துணையாதல் என்பது உலகுக்குப் புதிதன்று. குடியிலிருந்து மீள விரும்பியோர் 1935இல் அமெரிக்காவில் தமக்குள் கூடித் தொடங்கிய இயக்கம் இன்று நாடெங்கும் பரவி நிற்கிறது. 1937இல் சிகாகோ நகரில் டாக்டர் ஆபிரகாம் லோ மனநோயிலிருந்து மீண்டவர்களைக் கூட்டி இத்தகைய குழுக்களை அமைத்தார். "எனக்கும் இப்படித்தான் இருந்தது" என்ற சொல்லுக்கு உள்ள ஆற்றலை இவ்வமைப்புகள் கண்டுகொண்டன.

இந்தச் சொல்லின் ஆற்றலை நானும் அறிவேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். முதற்பருவத்தில், பள்ளியில் கணுக்காலிகள் என்று படித்தது இங்கு ஆர்த்ரோபோடா என்று வந்தது. மெல்லுடலிகள் மொலஸ்கா ஆயின. உயிரிகள் அவையேதாம், ஆனால் எதுவும் எனக்குத் தெரியாதது போல் இருந்தது. இரவில் தூக்கம் வராது. காலையில் வகுப்புக்குக் கிளம்பும் நேரத்தில் வயிறு வலிக்கும். மாத்திரை தின்றும் நிற்கவில்லை. ஒருநாள் விடுதித் தண்ணீர்த் தொட்டியருகே மூன்றாமாண்டு அண்ணன் ஒருவர் என்னிடம் பேச்சுக் கொடுத்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தம்பி, எனக்கும் இப்படித்தாம்ல இருந்துச்சு. மொத செமஸ்டர்ல ரெண்டு பேப்பர் போச்சு. எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பாத. இப்ப ரொம்பப் படுத்துறது எது, அத மட்டும் சொல்லு" என்றார். ஆங்கிலம் என்றேன். நாளைக்குப் பத்துச் சொல் என்று கணக்கு வைத்தோம். மாலையில் அவரே கேட்பார். டிசம்பருக்குள் வயிற்றுவலி போய்விட்டது. நட்புப் பெஞ்சைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆயினும் மூன்று படிகளும் அதில் இருந்ததை இப்போது காண்கிறேன்.

எல்லாருக்கும் அப்படி ஓர் அண்ணன் வாய்ப்பதில்லை. என்னோடு சேர்ந்த ஒருவன் இரண்டாம் பருவம் தொடங்கியபோது வரவில்லை. நன்றாகப் படிக்கக்கூடியவன். வருகைப் பதிவேட்டில் அவன் பெயர்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு விழுந்தது. காரணம் கேட்டால் "மனசு சரியில்லையாம்" என்றார்கள். அவ்வளவே. தற்செயலாகக் கிடைக்கும் நன்மையை எல்லார்க்கும் கிடைக்கும் ஏற்பாடாக மாற்றுவது எப்படி என்று நான் யோசிக்கத் தொடங்கியதற்கு அந்தச் சிவப்புக் கோடும் ஒரு காரணம்.

அறிவியல் என்ன சொல்கிறது?

அறிவியல் மாணவர்களாகிய நாம் கதையை மட்டும் கேட்டு நம்பிவிடக் கூடாது. தானாகவே குணமாகியிருக்கக் கூடியவர்களைப் பெஞ்சு குணப்படுத்தியதாக எண்ணிவிட இடமுண்டு. எனவே ஒப்பீடு வேண்டும். டாக்டர் சிபாண்டாவும் அவர்தம் குழுவினரும் ஹராரேயில் 24 சுகாதார நிலையங்களை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் அவற்றை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவில் நட்புப் பெஞ்சு. மறு பிரிவில் வழக்கமான மருத்துவத்தோடு சற்றுக் கூடுதல் கவனிப்பு. மொத்தம் 573 பேர். ஆறு திங்கள் கழித்து, கிடைத்த 521 பேரையும் மீண்டும் சோதித்தார்கள். முடிவு 2016 டிசம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியாயிற்று.

பதினான்கு வினாத்தாளில் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களின் சராசரி மதிப்பெண் 8.90, பெஞ்சில் அமர்ந்தவர்களின் சராசரி 3.81. மனச்சோர்வின் அறிகுறிகள் முன்பிரிவில் 49.9 விழுக்காட்டினரிடம் எஞ்சியிருந்தன. பெஞ்சுப் பிரிவில் 13.7 விழுக்காட்டினரிடம் மட்டுமே எஞ்சியிருந்தன. பள்ளிப்படிப்பே அதிகமில்லாத பாட்டிமார்கள் பெற்ற மதிப்பெண் இது!

நேர்மையாகச் சில குறைகளையும் சொல்ல வேண்டும். ஆய்வில் பங்குகொண்டோரில் நூற்றுக்கு 86 பேர் பெண்கள். எனவே ஆண்களுக்கு இது எவ்வளவு பொருந்தும் என்பதை இவ்வொரு ஆய்வைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. ஆண்கள் வந்து உட்காரத் தயங்குவது அங்கும் உண்டு போலும். "ஆம்பளப் பிள்ள அழலாமா" என்று வளர்க்கப்படும் நாட்டில் பிறந்த நமக்கு இது வியப்பைத் தராது.

பின்னர் இம்முறை மலாவிக்கும் சான்சிபாருக்கும் சென்றது. அமெரிக்காவின் நியூயார்க் நகரமும் இதைக் கற்றுக்கொண்டது. வளர்ந்த நாடுகளிலிருந்து வறிய நாடுகளுக்கு மருத்துவம் வருவதையே கண்டு பழகிய நமக்கு, எம்பாரேயின் மரப்பெஞ்சு நியூயார்க்கின் நடைபாதைக்குப் போனது மகிழ்ச்சி தரும் செய்தி.

இந்தியாவுக்கும் ஒரு தொடர்பு

அந்தப் பதினான்கு வினாக்களை உருவாக்கியதில் இந்தியர் ஒருவருக்குப் பெரும் பங்குண்டு. மும்பையில் பிறந்த மனநல மருத்துவர் டாக்டர் விக்ரம் படேல் 1990களில் ஹராரேயில் பணியாற்றியபோது, அங்குள்ள அறிஞர்களோடு சேர்ந்து, மக்கள் தங்கள் துன்பத்தைச் சொல்லப் பயன்படுத்தும் ஷோனாச் சொற்களைக் கொண்டே அந்த வினாத்தாளை அமைத்தார். நாடு திரும்பியபின், 1996இல் கோவாவில் 'சங்காத்' என்ற அமைப்பைத் தோற்றுவித்தவர்களில் அவரும் ஒருவர்.

கோவாவில் அவர்கள் நடத்திய 'மானஸ்' ஆய்வு 2010இல் லான்செட் இதழில் வெளிவந்தது. மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற சாதாரண மக்கள் அங்கு மனநல ஆலோசகர்களாக இருந்தார்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில், இவ்வுதவி கிடைத்தவர்களில் 65.9 விழுக்காட்டினர் ஆறு திங்களில் நலம் பெற்றார்கள், கிடைக்காதவர்களில் 42.5 விழுக்காட்டினரே நலம் பெற்றார்கள். தனியார் மருத்துவர்களின் இடங்களிலோ இரு பிரிவுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. ஏழை எளியோர் வரும் அரசு நிலையங்களில்தான் இந்த உதவி நன்கு பயன்பட்டது என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். நாமும் அரசுக் கல்லூரியில் படிப்பவர்கள் அல்லவா?

எல்லை எது?

துணை என்பது மருத்துவத்துக்கு மாற்று அன்று. இதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். பாட்டிமார்கள் தாமே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வதில்லை. உயிரை விடும் எண்ணம் ஒருவருக்கு இருப்பதாகத் தெரிந்தால் உடனே மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டும்; அவர் மருத்துவரிடம் கொண்டு செல்வார். கடுமையான மனச்சோர்வுக்கு மருந்து தேவைப்படும். இல்லாத குரல் கேட்பதாகச் சொல்பவருக்கும், உண்ணாமல் உறங்காமல் பல நாள் கிடப்பவருக்கும் நண்பனின் பேச்சு மட்டும் போதாது. அங்கு நண்பனின் கடமை, கையைப் பிடித்து அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது. வெளிநோயாளிச் சீட்டு வாங்கும் வரிசையில் கூடவே நிற்பதும் துணைதான்.

"போலீஸ் கேஸ் ஆகிவிடும்" என்ற அச்சத்தால் சில வீடுகளில் தற்கொலை முயற்சியை மறைக்கிறார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, அவ்வாறு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும். அவருக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் அளிப்பது அரசின் கடமை. இதை நம் வீட்டுப் பெரியவர்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் படித்த நாம்தாம்.

நம் கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள்

2022 அக்டோபர் 10ஆம் நாள் இந்திய அரசு 'டெலி மானஸ்' என்ற தொலைபேசி மனநலச் சேவையைத் தொடங்கியது. அதன் எண் 14416. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். அதே ஆண்டு டிசம்பரில் தமிழ்நாடு அரசு, அரசு மருத்துவக் கல்லூரிகளில் 'மனம்' என்ற பெயரில் மனநல நல்லாதரவு மன்றங்களைத் தொடங்கியது. மருத்துவம் படிப்போருக்கு ஏற்பட்ட நன்மை கலைக் கல்லூரி மாணவர்க்கும் ஏற்பட வேண்டும் அல்லவா? நம்மில் பெரும்பாலோர் வீட்டுக்கு முதல் பட்டதாரிகள். வகுப்பில் நமக்கு என்ன நேர்கிறது என்பதை வீட்டில் சொன்னால் புரிந்துகொள்ள ஆளில்லை. வீட்டில் நடப்பதை வகுப்பில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. இரண்டு பக்கமும் சொல்ல முடியாதவன் யாரிடம் சொல்வான்?

எனவே என் சிறிய அறிவுக்கு எட்டிய வரையில் ஒரு திட்டத்தை ஆசிரியப் பெருமக்கள் முன்னும் மாணவ நண்பர்கள் முன்னும் வைக்கிறேன்.

நூலகத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் ஒரு பெஞ்சு போடுவோம். உடைந்து கிடக்கும் வகுப்பறைப் பெஞ்சுகளில் ஒன்றைச் சீர்செய்தாலே போதும். வாரத்தில் மூன்று நாள், உணவு இடைவேளையில், ஆணும் பெண்ணுமாக இரண்டு மூன்றாமாண்டு மாணவர்கள் அங்கு இருக்கட்டும். தாமே அல்லற்பட்டு மீண்டவர்களாயின் மிக நன்று. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவக் குழுவினரை அழைத்து அவர்களுக்குப் பயிற்சி தரலாம். பேராசிரியர் ஒருவர் மேற்பார்வை செய்ய வேண்டும். கேட்டதை வெளியே சொல்லலாகாது; உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் அன்றே பேராசிரியரிடம் சொல்ல வேண்டும், அந்த மாணவரைத் தனியே விடவும் கூடாது. இவ்விரண்டு விதிகளையும், 14416 என்ற எண்ணையும் பெஞ்சின் முதுகுப்பலகையில் எழுதி வைப்போம். தொடர்ந்து மூன்று நாள் வகுப்புக்கு வராதவர்களின் பெயர் வகுப்புத் தலைவருக்குத் தெரியும். அவர்களுடைய விடுதி அறைக்கோ வீட்டுக்கோ யாராவது ஒருவர் போய், "என்னப்பா, ஆளையே காணோம்?" என்று கேட்டு வருவதையும் இப்பணியில் சேர்த்துக்கொள்ளலாம்.

பெயர் மட்டும் கவனமாக வைக்க வேண்டும். 'மனநல ஆலோசனை மையம்' என்று பலகை மாட்டினால் ஒருவரும் வரமாட்டார்கள். எம்பாரே பாட்டிமார்கள் அதைப் பட்டு அறிந்திருக்கிறார்கள். 'பேச்சுத்துணை' என்று வைக்கலாம் என்பது என் கருத்து. துணைக்கு ஆள் தேடுவதில் யாருக்கும் வெட்கமில்லை.

இதற்குச் செலவு மிகக் குறைவு. தேவைப்படுவது கேட்கும் காதும், கேட்டதை அடக்கும் வாயும்தான். படிப்பில்லாத பதினான்கு மூதாட்டிகளால் ஒரு நகரத்தில் தொடங்க முடிந்ததை, மூன்றாண்டு பட்டப்படிப்புப் படிக்கும் நம்மால் ஒரு வேப்பமரத்தடியில் தொடங்க முடியும். வரும் கல்வியாண்டில் முதலாண்டு மாணவர் சேரும்போதே அந்தப் பெஞ்சு அங்கு இருக்குமாறு ஆவன செய்ய வேண்டுமென்று கல்லூரி முதல்வர் அவர்களையும், நாட்டு நலப்பணித் திட்டப் பொறுப்பாளர்களையும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதில் அமர முதற்பெயராக என் பெயரைத் தருகிறேன்.